ஒரே விதி, இரு தீர்ப்பு: அம்மோனியாவும் கந்தக அமிலமும்

மேல்நிலைப் பள்ளி வேதியியலில் சமநிலைப் பாடத்தைப் படித்தவர்களுக்கு ஹேபர் முறையும் தொடு முறையும் இரட்டையர்போலப் பழகியிருக்கும். முன்னது அம்மோனியாவைத் தருவது. பின்னது கந்தக அமிலத்தைத் தருவது. இரண்டும் வாயுக்களுக்கிடையே நிகழும் மீள்வினைகள். இரண்டும் வெப்பத்தை உமிழ்கின்றன. இரண்டிலும் வினை முன்னேறுந்தோறும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது. இரண்டுக்கும் வினையூக்கி வேண்டும். இத்தனை ஒற்றுமை இருந்தும் ஆலைக்குள் நுழைந்தால் ஏற்பாடு முற்றிலும் வேறாக இருக்கிறது. அம்மோனியா உருவாகும் கலன் பொதுவாக 150 முதல் 250 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் தடித்த எஃகுக் கலன். கந்தக அமில ஆலையின் கலனோ வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் இயங்குவது; வாயுவைத் தள்ளிவிட ஓர் ஊதுபொறி போதும். வினையூக்கி வேலை செய்யும் வெப்பநிலை மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே: 400 முதல் 500 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஒரே விதிக்கு உட்பட்ட இரு வினைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை அழுத்தம்? பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்பாத இந்தக் கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். விடை ஓரிரு வரியில் அடங்குவதன்று. படிப்படியாகத்தான் அதை நெருங்க முடியும்.

முதலில் இரு சேர்மங்களின் தகுதியைப் பார்த்துவிடலாம். உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் கந்தக அமிலம் 25 கோடி டன்னுக்கு மேல். அம்மோனியா 15 கோடி டன்னுக்கு மேல். இரண்டின் பெரும்பகுதியும் உரத்துக்கே போகிறது. ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் கலந்தால் அம்மோனியம் சல்பேட் என்னும் உப்பு. பயன்களை இதற்குமேல் அடுக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது இவை பிறக்கும் வினைகள்.

அம்மோனியாவின் வினை இது: ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியாவாகின்றன. நான்கு மோல் வாயு இரண்டாகச் சுருங்குகிறது. கந்தக அமிலத்தின் வழியில் மூன்று கட்டங்கள் உண்டு. கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாவது முதற்கட்டம். அது மேலும் ஆக்சிஜனை ஏற்றுக் கந்தக டிரை ஆக்சைடாவது இரண்டாவது. அந்த டிரை ஆக்சைடு நீரோடு கூடி அமிலமாவது மூன்றாவது. முதலும் மூன்றும் தாமே விரைந்து முடிபவை. சிக்கல் நடுக்கட்டத்தில்தான். அங்கே இரண்டு மோல் டை ஆக்சைடும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் டிரை ஆக்சைடைத் தருகின்றன. மூன்று மோல் இரண்டாகிறது. இனி ‘கந்தக வினை’ என்று குறிப்பிடுவது இந்த நடுக்கட்டத்தையே.

இரண்டு வினைகளும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் நிற்பதில்லை. அம்மோனியா உருவாகிக்கொண்டே இருக்கிறது. உருவான அம்மோனியா சிதைந்துகொண்டும் இருக்கிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாற்றம் தெரிவதில்லை, அவ்வளவே. இந்த இயக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வரும் விதி பொருள்படும். சமநிலையில் உள்ள ஓர் அமைப்பின்மேல் ஒரு மாற்றத்தைச் சுமத்தினால், அம்மாற்றத்தின் விளைவைத் தணிக்கும் பக்கம் சமநிலை நகரும். பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி லூயி லீ சாட்லியர் 1884இல் முன்வைத்த கோட்பாடு இது. அழுத்தத்தைக் கூட்டினால் மோல்கள் குறையும் பக்கம் சாயும். ஆகவே இரு வினைகளுக்கும் அழுத்தம் நன்மை. வெப்பநிலையைக் கூட்டினால் வெப்பத்தை உட்கொள்ளும் பக்கம், அதாவது பின்னோக்கிச் சாயும்; ஆகவே இரு வினைகளுக்கும் சூடு தீமை.

இவ்விடத்தில் பலர் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். குறையைப் படிப்பவர்மேல் சுமத்த முடியாது. லீ சாட்லியர் கோட்பாடு திசையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. சூடு கூடினால் விளைச்சல் குறையும் என்று அது எச்சரிக்கும். 450 டிகிரியில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. இரு வினைகளுக்கும் திசைகள் ஒன்றே என்பதால், இக்கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றின் வேறுபாட்டை ஒருநாளும் விளக்க முடியாது. ஒரு படி ஆழமாகப் போகவேண்டும்.

எந்த வினையும் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதை இரு காரணிகள் முடிவு செய்கின்றன. ஒன்று, வினை வெளியிடும் வெப்பம். மற்றது, என்ட்ரோபி, பொருள் எத்தனை வகையாகப் பரவிக் கிடக்க இடமுண்டு என்பதன் அளவு. வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணிக்கையில் குறையும்போது அந்தப் பரவல் சுருங்குகிறது; இயற்கைக்கு அது இழப்பு. நம் இரு வினைகளிலும் வெப்பம் முன்னே தள்ளுகிறது, என்ட்ரோபி பின்னே இழுக்கிறது. என்ட்ரோபியின் இழுவிசை வெப்பநிலையால் பெருக்கப்படுவது. எனவே குளிர்ந்த நிலையில் வெப்பத்தின் கை ஓங்கும்; சூடேறச் சூடேற என்ட்ரோபியின் கை ஓங்கும். இரண்டும் சரிசமமாகும் வெப்பநிலை ஒன்று ஒவ்வொரு வினைக்கும் உண்டு. அதைச் சமன்புள்ளி என்று அழைப்போம்.

எண்களைப் பார்க்கலாம். மேலே சொன்ன மோல் கணக்கின்படி அம்மோனியா வினை சுமார் 92 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. கந்தக வினை வெளியிடுவது சுமார் 198 கிலோஜூல். இருமடங்குக்கும் சற்றே கூடுதல். என்ட்ரோபி இழப்போ முன்னதில் கெல்வினுக்கு 198 ஜூல், பின்னதில் 188 ஜூல், ஏறத்தாழச் சமம். (198 என்ற எண் இருமுறை வருவது தற்செயல், ஒன்று கிலோஜூல், மற்றது ஜூல்.) ஒன்றில் இரண்டு மோல் குறைய, மற்றதில் ஒரு மோல் மட்டுமே குறையும்போது இழப்பு எப்படிச் சமமாகும் என்று கூர்ந்து படிப்பவர் கேட்கலாம். ஹைட்ரஜன் மிக இலேசான மூலக்கூறு. ஒரு மோலுக்கு அது ஏந்தியிருக்கும் என்ட்ரோபியே குறைவு. ஆகவே மூன்று மோல் ஹைட்ரஜன் மறைந்தாலும் இழப்பு எதிர்பார்க்கும் அளவுக்குப் பெருகுவதில்லை.

வெப்பத்தை என்ட்ரோபி இழப்பால் வகுத்தால் சமன்புள்ளி கிடைக்கும். 92,000ஐ 198ஆல் வகுத்தால் சுமார் 465 கெல்வின், அதாவது 190 டிகிரி செல்சியஸ். 1,98,000ஐ 188ஆல் வகுத்தால் சுமார் 1,050 கெல்வின், அதாவது 780 டிகிரி செல்சியஸ். வெப்பநிலையோடு இவ்வளவுகள் சிறிது மாறும் என்பதால் இவை தோராயமானவை. நம் தேவைக்கு இவை போதும். அம்மோனியாவின் சமன்புள்ளி 190. கந்தக டிரை ஆக்சைடின் சமன்புள்ளி 780. இந்த இரு எண்களுக்கு நடுவில் இருக்கிறது வினையூக்கியின் இடம்.

வினையூக்கியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியும் உண்டு, கோத்தகிரி வழியும் உண்டு. எந்த வழியில் போனாலும் ஊட்டியின் உயரம் மாறாது. வினையூக்கி எளிய வழியைத் திறந்துவிடும். சென்று சேரும் சமநிலையை இம்மியும் நகர்த்தாது. முன்வினை எவ்வளவு விரைவாகிறதோ அவ்வளவு பின்வினையும் விரைவாகும். ஆயினும் வினையூக்கி தொழிலில் இன்றியமையாதது. அறை வெப்பநிலையில் அம்மோனியா உருவாவதற்கு இயற்கையின் தடை ஏதுமில்லை; சமநிலை அங்கே அம்மோனியாவின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆனால் நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அந்தக் குளிர்நிலையில் ஊழிக்காலம் காத்திருந்தாலும் ஒன்றும் நடவாது. இரும்பு வினையூக்கி நைட்ரஜனைத் தன் பரப்பில் பற்றி இரு அணுக்களாகப் பிரிக்கிறது; பிறகு ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பரப்பில் நிகழும் இந்தப் படிகளைத் துலக்கிய கெர்ஹார்ட் எர்ட்டலுக்கு 2007இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரும்பும் தொழிலுக்கு ஏற்ற வேகத்தில் வேலை செய்யச் சுமார் 400 டிகிரி கேட்கிறது.

கந்தக வினைக்கு வனேடியம் பென்டாக்சைடு. அது திண்மமாக நின்று வேலை செய்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பொட்டாசியம் உப்புகளோடு சேர்ந்து சிலிக்காவின் நுண்துளைகளில் உருகிய படலமாக இருந்து வேலை செய்கிறது. டை ஆக்சைடுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துத் தான் ஒடுக்கமடைகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பெற்று மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. படலம் உருகிச் செயல்படுவதற்கு இதுவும் சுமார் 400 டிகிரி கேட்கிறது. வாயு வினையூக்கியைத் தொட்டு வினைபுரிவதால் ‘தொடு முறை’ என்ற பெயர் கந்தக அமிலத்துக்கு நிலைத்துவிட்டது; அவ்வகையில் பார்த்தால் அம்மோனியாவும் தொடு முறைதான்.

இப்போது மூன்று எண்களையும் வரிசைப்படுத்துங்கள்: 190, 450, 780. ஆலை இயங்கவேண்டிய 450 டிகிரி, அம்மோனியாவின் சமன்புள்ளிக்கு வெகுதூரம் மேலே இருக்கிறது. கந்தக டிரை ஆக்சைடின் சமன்புள்ளிக்கு வெகுதூரம் கீழே இருக்கிறது. வினையூக்கி இருவரையும் ஒரே இடத்துக்கு அழைக்கிறது. ஒருவருக்கு அது பகைநிலம், மற்றவருக்குச் சொந்த நிலம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 450 டிகிரியில் சமநிலையை எட்டிய கலவையில் அம்மோனியா 0.2 விழுக்காடு அளவே இருக்கும். அதே அழுத்தத்தில், அதே வெப்பநிலையில், கந்தக டை ஆக்சைடு ஏறத்தாழ 97 விழுக்காடு டிரை ஆக்சைடாக மாறிவிடும். தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது. இனி அதன் விளைவுகளைப் பார்ப்போம்.

பகைநிலத்தில் அம்மோனியாவுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அழுத்தம். அது வலிய ஆயுதமும்கூட. இரண்டு மோல் குறையும் வினையில் அழுத்தத்தை 200 மடங்காக்கினால் சமநிலை விகிதம் அதன் வர்க்கமாக, அதாவது 40,000 மடங்கு, விளைபொருளின் பக்கம் திரும்பும்; ஒரு மோல் மட்டுமே குறையும் கந்தக வினையில் அதே அழுத்தம் 200 மடங்குதான் திருப்பும். 200 வளிமண்டலத்தில், 450 டிகிரியில், 0.2 விழுக்காடாக இருந்த அம்மோனியா கலவையில் கால் பங்கை எட்டுகிறது. இதை லீ சாட்லியரே 1901இல் முயன்றார். கருவிக்குள் காற்று கலந்திருந்ததால் வெடிப்பு நேர்ந்தது. முயற்சியைக் கைவிட்டார், பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். 1909 ஜூலையில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆஸ்மியம் வினையூக்கியைக் கொண்டு உயர் அழுத்தத்தில் அம்மோனியாவைத் தொடர்ந்து வடித்துக் காட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் நடந்ததைத் தொழிற்சாலையாக்கும் பொறுப்பு பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் கார்ல் போஷுக்கு வந்தது. ஆஸ்மியம் மிக அரிது; அதற்கு மாற்றாக அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, சிறிது அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்பைக் கண்டெடுத்தார். ஆனால் பெருந்தடை கலனிலேயே இருந்தது. சூடான ஹைட்ரஜன் அழுத்தத்தின்கீழ் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலிமை தரும் கார்பனை மீத்தேனாக்கி வெளியேற்றிவிடும். முதற்குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. ஒரே உலோகம் ஹைட்ரஜனையும் அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கவேண்டும் என்ற எண்ணத்தைப் போஷ் கைவிட்டார். உள்ளே கார்பன் இல்லாத மென்னிரும்பு உறை. வெளியே அழுத்தத்தைச் சுமக்கும் எஃகு. உறையைக் கடந்து கசியும் ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் வெளியேற எஃகுச் சுவரில் சிறு துளைகள். துளையிட்டு வலுப்படுத்துவது என்பது கேட்க முரணாக இருக்கிறது; ஆயினும் என் கணிப்பில் ஹேபரின் கண்டுபிடிப்புக்கு இணையான சிந்தனை இது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், போஷுக்கு உயர் அழுத்த முறைகளுக்காக 1931இல் பகிர்ந்தளிக்கப்பட்ட நோபல் பரிசும் கிடைத்தன.

கந்தக அமிலத்தின் பக்கம் வந்தால், 97 விழுக்காடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. மிச்சமுள்ள இரண்டு மூன்று விழுக்காட்டுக்காக 200 வளிமண்டலத்தைக் கட்டியெழுப்புவது வீண்செலவு. இன்னொரு காரணமும் உண்டு. கந்தகத்தைக் காற்றில் எரிப்பதால் கலனுக்குள் வரும் வாயுவில் பெரும்பங்கு நைட்ரஜன். டை ஆக்சைடு பத்தில் ஒரு பங்கு அளவே. அழுத்தினால் பெரும்பாலும் நைட்ரஜனைத்தான் அழுத்திக்கொண்டிருப்போம். ஓர் ஆலையில் மூலப்பொருளாக மதிக்கப்படும் வாயு, மற்றதில் வெறும் பயணி.

ஆனால் இந்த வினைக்கும் ஒரு தொல்லை உண்டு. அது தன் சூட்டாலேயே தனக்குக் கேடு தேடிக்கொள்கிறது. 420 டிகிரியில் முதல் வினையூக்கிப் படுகைக்குள் நுழையும் வாயு, தானே உமிழும் வெப்பத்தால் 600 டிகிரியை எட்டுகிறது. 600 டிகிரி 780ஐ நெருங்கும் வெப்பநிலை அல்லவா? மாற்றம் 60, 70 விழுக்காட்டில் தேங்கிவிடும். ஆகவே வாயுவை வெளியே எடுத்துக் குளிரவைத்து இரண்டாம் படுகைக்கு அனுப்புகிறார்கள்; பிறகு மூன்றாவது, நான்காவது. அம்மோனியாக் கலன்களிலும் படுகைகளுக்கிடையே குளிர்விக்கும் இதே உத்தி கையாளப்படுகிறது.

விளைபொருளை அகற்றுவது இருவரும் பகிரும் மற்றோர் உத்தி. கால் பங்கு சமநிலை என்று சொன்னாலும், ஒருமுறை இரும்பைக் கடந்துவரும் வாயுவில் அம்மோனியா அதற்கும் குறைவாகவே இருக்கும். அதைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்துவிட்டு, எஞ்சிய நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மறுபடி கலனுக்கே சுழலவிடுகிறார்கள். கந்தக அமில ஆலையில் மூன்றாம் படுகைக்குப் பின் டிரை ஆக்சைடை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்ச வாயுவை நான்காம் படுகைக்கு அனுப்பினால் சமநிலை மறுபடி முன்னே நகரும். மொத்த மாற்றம் 99.7 விழுக்காட்டைத் தாண்டும். இரட்டை உறிஞ்சல் எனப்படும் இம்முறை அந்தச் சிறு இலாபத்துக்காக வந்ததன்று. புகைபோக்கி வழியே ஊர்மேல் போகும் டை ஆக்சைடைக் குறைப்பதற்காகப் பரவியது. உறிஞ்சுவதற்கு நீரைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். நீரில் விட்டால் டிரை ஆக்சைடு பிடிபடாத அமில மூடுபனியாகிவிடும். 98 விழுக்காட்டு அமிலத்திலேயே கரைத்து, பின்னர் அதற்கு நீர் சேர்க்கிறார்கள்.

இரு வினையூக்கிகளுக்கும் நஞ்சுகள் உண்டு. தொடு முறைக்கு 1831இல் காப்புரிமை பெற்றவர் பெரெக்ரின் ஃபிலிப்ஸ் என்ற ஆங்கிலேய வினிகர் வணிகர். அவர் பயன்படுத்தியது பிளாட்டினம். கந்தகத் தாதுவோடு வரும் ஆர்செனிக், பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்ததால் அம்முறை தொழிலாக மலர அந்நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆர்செனிக்கை வனேடியம் பிளாட்டினத்தைவிட நன்றாகத் தாங்கும். அம்மோனியா ஆலையின் இரும்புக்கு நஞ்சாவது எது தெரியுமா? கந்தகம். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதற்கு முன்பே கந்தகத்தைத் துடைத்தெடுத்துவிடுவார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் எரிவாயு நிலையங்களிலும் இவ்வாறு விலக்கப்படும் கந்தகமே இன்று உலகின் கந்தக அமில ஆலைகளுக்கு முதன்மையான மூலப்பொருள்.

ஆற்றல் கணக்கில் இரண்டும் எதிரெதிர். கந்தகம் எரிவது முதல் அமிலமாவது வரை ஒவ்வொரு கட்டமும் வெப்பத்தை வெளியிடுவது. அந்த வெப்பத்தில் நீராவி எழுப்பி மின்சாரமும் எடுக்கிறார்கள். அம்மோனியாவோ பெரும் ஆற்றல் உண்ணி. அழுத்துவதற்கு ஆகும் செலவைவிட, மீத்தேனிலிருந்தும் நீரிலிருந்தும் ஹைட்ரஜனைப் பிரிப்பதற்கு ஆகும் செலவே மிகுதி. சிறந்த ஆலைகளிலும் ஒரு டன் அம்மோனியாவுக்கு 28 கிகாஜூல் அளவு செலவாகிறது. உடன் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுகிறது. மணலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள உர ஆலைகள் அம்மோனியாவோடு யூரியாவையும் சேர்த்தே தயாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யூரியாவின் மற்றொரு மூலப்பொருள் அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான்.

இரு சேர்மங்களும் இறுதியில் சந்திக்கும் இடங்களுள் ஒன்று நம் உழவர்கள் அறிந்த டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டை. பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தால் தாக்கிப் பாஸ்பாரிக் அமிலம் எடுத்து, அதில் அம்மோனியாவைச் செலுத்தினால் டி.ஏ.பி. மூட்டைமேல் அச்சிட்டிருக்கும் 18 அம்மோனியா கொணர்ந்த நைட்ரஜன். 46 பாறை கொணர்ந்த பாஸ்பேட். கந்தக அமிலத்துக்கு அதில் எண் இல்லை. பாறையைத் திறந்துவிட்டு அது ஜிப்சமாக ஒதுங்கிவிடுகிறது.

வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹேபர் முறையில் உயர் அழுத்தம் ஏன் என்ற வினா ஆண்டுதோறும் தேர்வில் வருகிறது. மாணவர்கள் மனப்பாடமாக விடை எழுதிவிடுகிறார்கள். அடுத்தமுறை, தொடு முறையில் உயர் அழுத்தம் ஏன் இல்லை என்று கேளுங்கள். இரு வினைகளின் வெப்பத்தையும் என்ட்ரோபி இழப்பையும் நான்கு எண்களாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வகுத்துப் பார்ப்பதை மாணவர்கள் செய்யட்டும்.